மணி அடித்ததும் நின்ற ஆர்கன்

செஞ்சியில் எங்கள் பழைய கல்கோயிலில் ஞாயிறு பூசைக்கு ஆர்கன் வாசித்தவர் ஒரு டீச்சர். அதற்குக் காற்று கொடுத்தவன் நான். ஆர்கன் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் உண்டு. அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் மரப்பிடியை ஏற்றி இறக்கினால் உள்ளே துருத்தி நிரம்பும். காற்று எவ்வளவு இருக்கிறது என்பதை நூலில் தொங்கும் ஒரு சின்ன ஈயக்குண்டு காட்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற எனக்கு அதைவிட நல்ல இடம் கோயிலில் வேறு இல்லை. சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வந்து அங்கே போய் நின்றுகொள்வேன்.

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். டீச்சருக்குக் கடலூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. அந்த ஊர்க் கோயிலில் ஆர்கன் கிடையாது. புதுச்சேரி கன்னியர் மடத்தில் படித்தபோது அவர் கற்றுக்கொண்ட ஜெர்மன் தேசத்து இசை ஒன்று இருந்தது. கால் மணி நேரம் நீளும். ஜனங்கள் நன்மை அப்பம் வாங்க வரிசையில் வரும்போது அதைத் தொடங்குவார். வரிசை முடிந்ததும் பாதியில் நிறுத்திவிடுவார்.

"போறதுக்குள்ள ஒரே ஒரு தடவ முழுசா வாசிச்சிடணும்ண்ணே" என்றார் என்னிடம். "நீங்க காத்து குடுத்தாதான் ஆவும்."

பங்குச் சாமியார் ஒத்துக்கொண்டு, ஊரில் பெரிய மனிதர்களையும் அழைத்தார். ஐந்து மணிக்குத் தொடங்குவதாக ஏற்பாடு. தாசில்தார் வந்து சேரவே ஐந்தரை ஆகிவிட்டது. முதலில் சில தேவமாதா பாட்டுகள். பிறகு அந்தப் பெரிய இசை. கீழே ஒரு குரல் நிதானமாக நடந்தது. மேலே இன்னொன்று அதைத் துரத்தியது. மூன்றாவதாக ஒன்று எங்கிருந்தோ வந்து இரண்டோடும் சேர்ந்துகொண்டது. வெறுங்காலுக்குக் கீழே தரைக்கல் அதிர்ந்தது. நான் குண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அப்போது மணி அடித்தது.

எந்தத் தாசில்தாருக்காகவும் மணி அடிக்கிற எங்கள் கோயில்பிள்ளை ஆறு மணியைத் தள்ளிப்போடுகிறவர் அல்ல. சாயங்கால ஜெப மணி கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு முழங்கால் போடுவது எங்கள் வழக்கம். கடலைக்கொல்லையில் களை எடுக்கிறபோதும் அப்படித்தான். எனக்கு நினைவு வருவதற்கு முன்பே பிடி கையைவிட்டுப் போயிருந்தது. முழங்கால் தரையில் இருந்தது. தலைக்கு மேலே ஆர்கன் ஈனப் போகிற மாடுபோல முனகி, இறங்கி, நின்றது.

பெஞ்சுகளில் பாதிப்பேர் முழங்கால் போடுகிற சத்தம் கேட்டது. மற்றவர்கள் புரியாமல் விழித்தார்கள். அவர்களில் ஒருவர், ஊரில் மல்லாட்டைக் கடலை மண்டி வைத்திருந்த ஜைனர், பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது எனக்கே கேட்டது.

"இன்னாய்யா, கரண்ட்டு பூட்ச்சா?"

"அதுக்கு கரண்ட்டு இல்லீங்க. பின்னால ஒரு ஆளு தள்ளுவாரு."

"அந்த ஆளு எங்க?"

"அவரும் மண்டி போட்டிருப்பாரு."

யாரோ சிரித்தார்கள். பாதியிலே நின்றே பழகிப்போன இசையை, நிற்கக் கூடாத அந்த ஒரு நாளில் நானே நிறுத்திவிட்டேன். டீச்சருக்கு மறுநாள் காலையில் பஸ்.

ஜெபம் முடிந்தது. டீச்சர் பெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து அந்தச் சந்தில் எட்டிப் பார்த்தார். நான் எழுந்திருக்கவே இல்லை.

"டீச்சரம்மா, என்னால..."

"நானும்தாண்ணே மண்டி போட்டேன்" என்றார். அவர் புடவை முழங்காலில் தூசி ஒட்டியிருந்தது. "கை வலிக்குதா? வலிக்கலன்னா மொதல்ல இருந்து வாசிக்கிறேன்."

முன்பெஞ்சில் தாசில்தார் கிளம்ப எழுந்துவிட்டார். சாமியார் அவரிடம், "உக்காருங்க சார். இனிமே காலைலதான் மணி அடிக்கும்" என்றார். அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

இரண்டாவது தடவை நான் பிடியை விடவில்லை. வேர்வை கண்ணில் இறங்கியபோதும் துடைக்கவில்லை. வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. இசை அதைத் தாண்டிப் போயிற்று. அதற்கு அப்பால் இவ்வளவு இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. துரத்திக்கொண்டிருந்த குரல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கடைசிச் சுரத்தை அவர் விடாமல் பிடித்தார். எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரமும் காற்று இருந்தது.

கோயிலுக்குள் கை தட்டலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. சாமியார் தட்டிய பிறகு எல்லோரும் தட்டினார்கள். கோபித்துக்கொள்ள டீச்சருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மறுபடி அந்தக் கோயில் படி ஏறியிருக்க மாட்டேன். இன்றைக்கும் அவருக்காக வேண்டிக்கொள்கிறேன்.

டீச்சர் ஜனங்கள் பக்கம் திரும்பவில்லை. ஓரமாக வந்து, சந்தில் நின்ற என்னைப் பார்த்துக் கைகூப்பினார். பதிலுக்குக் கும்பிட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பிடியை இரண்டு தடவை ஏற்றி இறக்கினேன்.