நாலாம் பாலம்

சின்னவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. அக்காவுக்குப் பின்னால் பிறந்த குற்றத்துக்காக இன்னும் சின்னவள். மருந்து டப்பாக்களுக்குள் பொடி எழுத்தில் ஒரு தாளை மடித்து வைக்கிறார்களே, அதை அச்சடிக்கும் அச்சகத்தில் முப்பது வருடமாகப் பிழை பார்க்கிறாள். ஐந்து மில்லி ஐம்பது மில்லி ஆகிவிடாமல் எத்தனை பேரைக் காப்பாற்றியிருப்பாளோ தெரியாது. வீட்டில் அதற்கெல்லாம் மரியாதை ஏது? அங்கே அவளுக்கு வாய்த்த பட்டப்பெயர் ‘நாலாம் பாலம்’.

பெயர் வைத்த புண்ணியவான் அக்கா புருஷன். அக்காவைக் கட்டுவதற்கு முன்பு அவரும் அதே அச்சகத்தில்தான், சின்னவளுக்குப் பக்கத்து நாற்காலி. ஆளுக்கொரு கம்ப்யூட்டர், நடுவில் ஒரு மரத்தடுப்பு, இரண்டிலும் ஒரே லாரி விளையாட்டு. சரக்கு லாரி பன்னிரண்டு பாலங்களைத் தாண்ட வேண்டும். தாண்டத் தாண்டப் பலகைகள் உதிர்ந்துகொண்டே வரும். சாப்பாட்டு இடைவேளையில் அத்தான் ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டே பன்னிரண்டையும் தாண்டிவிடுவார். சின்னவள் ஆறு வருடம் முட்டி மோதியும் நாலாவது பாலத்தோடு சரி. லாரியோடு ஆற்றில்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பிற்பாடு அவள் கார் ஓட்டப் பழகக் கிளம்பியபோது அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார். “நாலாம் பாலம் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போகுதா? ஆத்துப் பக்கம் மட்டும் போயிடாதே தாயே!” வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். மறுநாள் வகுப்புக்குப் போகவில்லை. தன் கைக்கு வேகம் பத்தாது என்று அவளே நம்பிவிட்டாள். இருபது வருடமாகக் கால் கடுக்க பஸ்ஸுக்கு நிற்கிறாள்.

போன வருடம் ஒருநாள் மதியம், அச்சகத்துச் சாப்பாட்டு இடைவேளையில், பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் இணையக் கடை ஒன்று கண்ணில் பட்டது. உள்ளே போய்த் தேடினால், அதே லாரி, அதே கோணல் சக்கரம். கணக்குத் தொடங்கப் பிறந்த வருடம் கேட்டார்கள். பட்டியலை உருட்டி உருட்டி விரல் ஓய்ந்துபோனது. “அவ்வளவு கிழவியா நான்?” என்று திரையை ஒரு முறை முறைத்துவிட்டு வாங்கினாள். கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் விளையாட்டு இறங்கிவிட்டது.

ஓட்டிப் பார்த்தாள். லாரி ஊர்ந்தது. பலகைகள் ஆற அமர யோசித்து விழுந்தன. பிழை பார்ப்பவள் சும்மா இருப்பாளா? கடையின் உதவிப் பிரிவுக்கு நறுக்கென்று எழுதினாள்: நீங்கள் விற்றது பழுது, பழைய வேகத்தில் பாதிகூட இல்லை.

மறுநாள் பதில் வந்தது. விளையாட்டின் அசல் வேகமே இதுதானாம். அந்தக் காலத்துச் சில கம்ப்யூட்டர்களின் முகப்பில் ‘டர்போ’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி வைத்தால் இந்த மாதிரிப் பழைய விளையாட்டுகள் இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும். உங்களுடையதில் அது அழுந்தி இருந்ததோ? அந்த வேகம்தான் வேண்டுமென்றால் இந்த இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்திக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சின்னவள் அதை மூன்று தடவை படித்தாள். பொத்தான் இருந்தது. “எப்பவும் அழுத்தியே வையும்மா, வேலை சுறுசுறுப்பா நடக்கும்” என்று முதலாளி சொன்னார். துடைக்கிறவர்கள் கை பட்டு அது வெளியே வந்துவிடக் கூடாதே என்று மேலே டேப் ஒட்டியதே அவள்தான். அத்தானுடையது இன்னும் பழைய பெட்டி. அதில் அந்தப் பொத்தானே கிடையாது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் லாரி எவ்வளவு மெதுவாகப் போனது என்று அவள் பார்த்ததே இல்லை.

உட்கார்ந்தாள். நாலாவது பாலம் வந்தது, போனது. ஐந்து, எட்டு, பன்னிரண்டு. முதல் ஆட்டத்திலேயே! அவள் போட்ட கூச்சலில் அச்சகமே எழுந்து நின்றது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள்.

“நாலாம் பாலம் சவால் விடுதா? வா, வா!” அத்தானுக்கு வாயெல்லாம் பல்.

அவள் ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு பன்னிரண்டையும் தாண்டிக் காட்டினாள். பிறகு அந்த இரண்டு விசைகளை அழுத்தி, லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். “இது என் வேகம், அத்தான். அந்த ஆறு வருஷமும் நான் ஓட்டினது இதுலதான்.” பொத்தான் கதையையும் சொன்னாள்.

அத்தான் ஓட்டினார். முதல் பாலத்திலேயே ஆற்றில் விழுந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஓட்டினார், விழுந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு ஓட்டினார், விழுந்தார். ஏழாவது தடவை அக்கா, “என்னங்க, தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருக்கா?” என்று கேட்டாள்.

“இந்த வேகத்துலயா நாலாவது வரைக்கும் போனே?”

“தினமும்.”

அவர் லேப்டாப்பை அவள் பக்கமே திருப்பி வைத்தார். அப்புறம் சொன்னார்: “உன் கை மாதிரி கை எனக்குக் கிடையாதும்மா. இத்தனை வருஷம் கேலி பண்ணினது என் தப்புதான்.”

“அது இருக்கட்டும். டிரைவிங் ஸ்கூல்ல பேர் கொடுத்துட்டேன். லைசென்ஸ் வந்ததும் உங்க காரை ஒரு நாள் தரணும்.”

முதல் தடவையே தேறினாள். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று அக்காவைப் பக்கத்திலும் அத்தானைப் பின்சீட்டிலும் உட்கார வைத்து, நேரே ஆற்றுப் பாலத்துக்கு வண்டியை விட்டாள். அந்தப் பக்கம் போய்ச் சேரும் வரை அத்தான் வாயே திறக்கவில்லை.