ஒன்பதாம் படுக்கையின் வார்த்தை

சுனிதா அக்கா டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார். என் மேஜையைத் தாண்டும்போது ஒரு வாய், மருந்து அலமாரிப் பக்கம் ஒரு வாய். மிச்சம் ஏதாவது ஒரு ஜன்னலில் ஆறிப்போய் இருக்கும். அல்சூர் பக்கம் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரியில், மூன்றாம் மாடி வார்டுக்கு அவர் சீனியர் நர்ஸ். நான் அதே வார்டில் கிளார்க். டிஸ்சார்ஜ் பேப்பர் அடிப்பது என் வேலை.

அக்காவுக்கு ஊர் கோலார் தங்கவயல். ஜோகுபாளையத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கி, பதினோரு வருஷமாக இதே வார்டு. அவரிடம் ஊசி போடப் பழகிய பெண்கள் மூன்று பேட்ச்சாக ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். பனியில் நின்று போட்டோ அனுப்புவார்கள். அக்கா பார்ப்பார், ஹார்ட் போடுவார், உடனே போய் ஏற்கெனவே சரியாக இருக்கும் பெட்ஷீட்டை உருவி மறுபடி விரிப்பார்.

அவரும் போக வேண்டியவர்தான். அங்கே ஓர் ஆஸ்பத்திரி அவருக்காக இடம் வைத்திருந்தது. குறுக்கே நின்றது ஜெர்மன் பரீட்சை. எழுத்துத் தேர்வில் தேறியவர், பேச்சுத் தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டார். மூன்றாவது முறையும் போனால் இடம் வேறு ஆளுக்கு என்று ஏஜென்சியிலிருந்து மெயில் வந்திருந்தது.

"வார்த்த லிஸ்ட்ட படிச்சா கண்ணுல நிக்குதுடா டென்சில். வாயத் தொறந்தா ஒண்ணும் வரமாட்டேங்குது" என்பார்.

அதனால் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் வார்டில் யாருக்கும் பெயர் கிடையாது, படுக்கை எண்தான். "நாலுக்கு சுகர் பாத்தாச்சா? பதினொண்ணு சாப்ட்டாங்களா?" என்றுதான் பேச்சு. அக்கா ஒவ்வொரு படுக்கையிலும் ஒரு வார்த்தையை மாட்டிவிட்டார். நாலில் மல்லேஸ்வரம் பத்ரிநாத் சார். ரிட்டயர்டு பேங்க் ஆபீசர். எழுந்து உட்கார்ந்தாலே தலை சுற்றும். அவர் மேல் தலைசுற்றலுக்கான 'ஷ்விண்டல்'. ஆறாம் படுக்கைக்காரர் இட்லியைப் பார்த்தாலே வாயைப் பொத்துவார். அவர் மேல் குமட்டலுக்கான வார்த்தை. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது அக்காவின் உதடு அசையும். பார்ப்பவர்கள் ஜெபம் பண்ணுகிறார் என்று நினைப்பார்கள்.

வழி நல்ல வழிதான். நடுவில் நான் இருந்தேன்.

"யார்ரா நால அனுப்ச்சது?" என்று ஒரு நாள் பேப்பரும் கையுமாக வந்து நின்றார்.

"டாக்டர் அனுப்ச்சார்க்கா. நான் டைப்தான் அடிச்சேன்."

"தலசுத்தல் போச்சேடா!"

"அவருக்கும் போச்சுக்கா. அதான் அனுப்ச்சிட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே போயிருந்தது. நாலில் புதிதாகக் கால் வீங்கிய ஒருவர் வந்து படுத்ததும், பத்ரிநாத் சாரோடு ஷ்விண்டலும் லிஃப்டில் இறங்கிப் போய்விட்டது. அதன் பிறகு நான் பிரிண்டரை ஆன் செய்தாலே அக்கா வார்டின் அந்தக் கோடியிலிருந்து திரும்பிப் பார்ப்பார்.

பரீட்சை சனிக்கிழமை. அது ஆயுத பூஜை வாரம் வேறு. பண்டிகைக்கு வீட்டுக்குப் போகணும் என்று எல்லோரும் டாக்டரைப் பிடுங்கி எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஒன்பது பேரை அனுப்பிவிட்டேன். பாதி வார்டு காலி. அக்கா காலிப் படுக்கைகளுக்கு நடுவே நடந்தார். ட்ரிப் ஸ்டாண்டுகளை வரிசையாக நிறுத்தினார், கலைத்தார், மறுபடி நிறுத்தினார். கடைசியில் என் மேஜைக்கு வந்தார்.

"டேய், நாலப் பண்ணு."

எனக்குப் புரியவில்லை. டீ நேரத்தில் நான் நோயாளிகள் மாதிரி பேசிக் காட்டுவேன், அது ஒரு பழக்கம். அக்காவுக்கு அது ஆகவே ஆகாது. "நோவுல கெடக்கறவங்கள இன்னாடா கிண்டல்? பல்லு கொட்டிடும் பாரு" என்று முதுகில் சாத்தியிருக்கிறார். இப்போது அவரே கேட்கிறார்.

மூக்குக் கண்ணாடியை நுனிக்குத் தள்ளுகிற மாதிரி தள்ளிக்கொண்டேன். "சிஸ்டர், ஸ்வல்ப இங்க வாங்கோ. ஃபேன் சுத்தறதா, நான் சுத்தறேனா? ரெண்டுல ஒண்ண ஆஃப் பண்ணுங்கோ."

"ஷ்விண்டல்!" என்றார் அக்கா. கண் விரிந்தது. "ஆறு! ஆறப் பண்ணு!"

வாயைப் பொத்திக்கொண்டு இட்லியைத் தள்ளிவிட்டேன். வார்த்தை வந்தது. பன்னிரண்டு, பதினான்கு, மூன்று. நான் இருமினேன், சொறிந்தேன், மாத்திரையைத் துப்பினேன். அக்கா ஒவ்வொன்றாகப் பிடித்தார். அப்புறம் சொன்னார்: "ஒம்போது."

நான் கண்ணாடியைச் சரிசெய்கிற பாவனையை நிறுத்தினேன்.

ஒன்பது சம்பூர்ணம் அம்மா. சிவாஜிநகரில் ஜாக்கெட் துணிக் கடை வைத்திருந்தவர். கதவோரப் படுக்கை. ஒரு நாள்கூட அவர் படுத்து நான் பார்த்ததில்லை. "பண்டிக நேரம்டா, ஷட்டர் சாத்திக் கெடக்கு. இந்த ஊசியக் கழட்டு, ஒரு நட போயிட்டு வந்துர்றேன்" என்பார். கை சும்மா இருக்காது. போர்த்தியிருக்கும் பெட்ஷீட்டை முழங்கையிலிருந்து விரல் நுனி வரை முழம் போட்டுக்கொண்டே இருப்பார். ஒரு நாள் வராந்தாவில் நான் அதைச் செய்து காட்டிக்கொண்டிருந்தபோது, ட்ரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றார். செத்தோம் என்று நினைத்தேன்.

"கை அப்டி இல்லடா" என்றார். "மொழம் போடறப்ப கண்ணு வாசல்ல இருக்கணும். இல்லன்னா வர்ற கஸ்டமர் பக்கத்துக் கடைக்குப் போயிடுவா."

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை காலை அவரை ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் அவருக்கு நான் அடித்தது டிஸ்சார்ஜ் பேப்பர் இல்லை.

"அது முடியாதுக்கா" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். வற்புறுத்தவில்லை. "சரி, வுடு" என்று சொல்லிவிட்டு ஒன்பதாம் படுக்கையின் பெட்ஷீட்டை உருவப் போனார்.

மறுநாள் என் ஸ்கூட்டரில் இந்திரா நகர் தேர்வு மையத்துக்குக் கூட்டிப்போனேன். சிக்னலில் நின்றால்கூடப் பின்னால் காலை ஆட்டினார். வண்டி ஆடியது. உள்ளே போனவர் நாற்பது நிமிஷம் கழித்து வந்து, என்னைத் தாண்டி ரோடு முனைவரை நடந்துபோய்விட்டுத் திரும்பி வந்தார்.

"ஒரு அட்டையக் குடுத்து, இந்தப் பேஷன்ட்டப் பத்தி டாக்டருக்குச் சொல்லுன்னாங்க. ராத்திரியெல்லாம் படுக்காத ஒரு அம்மா. ஊசியப் புடுங்கறாங்க, வெளிய போகணுங்கறாங்க."

"ஒம்போது."

"ஒம்போதேதான். வார்த்த வரல. நாக்கு ஒட்டிக்கிச்சு. எந்திரிச்சு நின்னுட்டேன்டா."

"எதுக்குக்கா?"

"தெர்ல. மேச விரிப்பப் புடிச்சு மொழம் போட ஆரம்பிச்சேன். போட்டுக்கிட்டே, படுக்கமாட்டாங்க, உக்காரமாட்டாங்க, கண்ணு எப்பவும் கதவு மேல, அவங்க கட மூடிக் கெடக்குது, ஊசி குத்தறத விட அதான் அவங்களுக்கு நோவுன்னு தெரிஞ்ச ஜெர்மனுல சொன்னேன். பரீட்ச எடுத்த அந்தம்மா பேனாவக் கீழ வச்சிட்டாங்க."

"நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

"அதத்தான்டா நானும் ரோடு முனை வரைக்கும் யோசிச்சேன்."

ரிசல்ட் வர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் எங்கள் வார்டு மாதிரி சுத்தமான வார்டு பெங்களூரிலேயே இருந்திருக்காது. போன் அதிரும் போதெல்லாம் அக்கா அதை எடுக்காமல் ஒரு கட்டிலைத் துடைத்தார்.

வந்தது ஒரு புதன்கிழமை, டீ நேரத்தில். போனைப் பார்த்தார். பாக்கெட்டில் போட்டார்.

"இன்னாக்கா ஆச்சு?"

"ஒம்போதுக்கு ட்ரிப் முடியப்போவுது. பாத்துட்டு வரேன்."

போய் பாட்டிலை மாற்றினார். அங்கே இப்போது ஒரு காலேஜ் பெண், டைபாய்டு, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா திரும்பி வந்து டீயை எடுத்தார்.

"பாஸ்டா" என்றார். "ஜனவரில கெளம்பணும்."

மேஜையில் கிடந்த சால்வையை இழுத்து முழம் போட ஆரம்பித்தேன். "பண்டிக நேரம்டா, ஷட்டர் சாத்திக் கெடக்கு..." என்றேன்.

"கை அப்டி இல்லடா" என்று அக்கா சால்வையைப் பிடுங்கினார். "கண்ணு வாசல்ல இருக்கணும்." ஒரு முழம் போட்டார், இரண்டு முழம் போட்டார், நின்றார்.

"உன்ரூயிக்" என்றார் மெதுவாக. "நெலகொள்ளாம இருக்கறது. இதான்டா அந்த வார்த்த."

பதினொன்றாம் படுக்கையில் மணி அடித்தது. டீயை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். பாதிதான் குடித்திருந்தார்.