ஸ்பெயின் சாமியின் தாடியும் பக்கத்து நாற்காலியும்

முடி வெட்டும் தொழிலில் கைக்கு ஒரு பங்கு வேலை என்றால் வாய்க்கு மூன்று பங்கு. நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் நான் தீட்டிய கத்தியெல்லாம் மழுங்கிப்போகட்டும், சத்தியம்! பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்து வயிறு எரிந்துகொண்டே வேலை பார்த்தவர்கள் கொஞ்சம் கிட்ட வாருங்கள். இது நம்ம கதை.

இரண்டாவது நாற்காலி

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சலூனில் முதல் நாற்காலி என்னுடையது. இரண்டாவது, எனக்குப் பிறகு வேலைக்கு வந்த அந்தோணியுடையது. மாதா கோயிலுக்கு ஸ்பெயின் தேசத்துச் சாமியார் ஒருவர் மாறி வந்தார். நெஞ்சு வரை தாடி. கால்பந்துப் பைத்தியம். முதல் நாள் என் நாற்காலியைப் பார்த்துத்தான் வந்தார். அந்தோணி எங்கேயோ பொறுக்கிய வார்த்தையை வீசினான்: "கியேன் கனோ, சாமி?" யார் ஜெயித்தது என்று அர்த்தமாம். சாமி அப்படியே திரும்பி அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அரை மணி வேலை அரை நாள் ஓடியது. அவர் தன் பாஷையில் ஆட்டம் சொல்ல, இவன் வேலையை நிறுத்திவிட்டு "அடடா" போட்டான்.

வெள்ளைக்காரச் சாமியோடு அவர் பாஷையிலேயே பேசுகிறவன் என்று ஊரே அவனிடம் குவிந்தது. மீசை ஒதுக்க வந்து காத்திருந்தவர்களுக்கு, முறை வருவதற்குள் பழனிக்கு நேர்ந்துகொண்ட அளவுக்கு முடி வளர்ந்துவிட்டது. ஒருநாள் நிலக்கோட்டைப் பூ வேன் டிரைவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆசையாகத் துணியை உதறினேன். அவர் சொன்னார்: "போத்தாதீங்கண்ணே, அந்தோணி கூப்புடுற வரைக்கும் செத்த நேரம் உக்காந்துக்கிறேன்."

குசினியில் பாடம்

பொறுக்கவில்லை. சாமியின் சமையல்காரர் சவரிமுத்துவைப் பிடித்தேன். பரிமாறும்போது சாமி வாயிலிருந்து கால்பந்தைத் தவிர வேறு பேச்சே கேட்காத மனுஷர். வாரம் ஒரு சவரம் இலவசம். பதிலுக்கு ஸ்பெயின் பாஷை. பெலோத்தா என்றால் பந்து. போர்த்தேரோ என்றால் கோல் காப்பவர். கத்தி தீட்டும்போது பெலோத்தா, முடி கூட்டும்போது போர்த்தேரோ என்று இரண்டு மாதம் முனகினேன். என் பெண்டாட்டி எனக்கு மந்திரிக்க ஆள் தேடினாள்.

கடைசியில் சவரிமுத்து சொன்னார்: "பேச்சு வந்துருச்சப்பு. ஆனா ஒண்ணு, சாமி பந்து பேச ஆரம்பிச்சா நான் கொதிக்கிற கொழம்ப எறக்கி வச்சுட்டுத்தான் கேப்பேன்."

பெருமைக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

சாமி பாய்ந்தது

அந்தோணி சித்தையன்கோட்டைக்குக் கல்யாணத்துக்குப் போன நாள். சாமி வேறு வழியில்லாமல் என்னிடம் உட்கார்ந்தார். கன்னத்தோரம் மட்டும் ஒதுக்க வேண்டும். கத்தியை வைத்தேன், வாய் சும்மா இருக்குமா? "போர்த்தேரோ கியேன், சாமி?" என்றேன், கோல் காத்தது யார் என்று கேட்பதாக நினைத்து.

சின்ன வயதில் அவரேதான் போர்த்தேரோவாம்! பந்தைப் பிடித்த விதத்தைக் காட்ட இடது பக்கமாக ஒரே பாய்ச்சல். அந்தரத்திலேயே என் பவுடர் டப்பாவைப் பிடித்தார். என் கண்ணால் பார்த்தேன். என் கை இருந்த இடத்தில்தான் இருந்தது. தாடிதான் பாதி தரையில் கிடந்தது. மீதியையும் எடுத்துவிட்டேன், வேறென்ன செய்ய? ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாதிச் சனம், பழைய சாமி எங்கே என்று அவரிடமே கேட்டதாம்.

திரும்பி வந்த அந்தோணி தலையில் அடித்துக்கொண்டான்: "ஏண்ணே, நான் கத்திய மடிச்சு வச்ச பொறவுதான வாயவே தொறப்பேன், இம்புட்டு நாளாப் பாக்கலையா?"

தாடி வளர்ந்த பிறகு

சாமி இனி என் பக்கம் எட்டியும் பார்க்க மாட்டார் என்றிருந்தேன். தாடி வளர்ந்ததும் வந்தார். நேராக என் நாற்காலியில் உட்கார்ந்தார்! கடையே பார்த்தது. எனக்கு நெஞ்சு விம்மியது. துணியைப் போர்த்தி, "கியேன்..." என்று தொடங்கினேன். கையை உயர்த்தினார். அந்தோணியைப் பக்கத்தில் அழைத்து நிறுத்திக்கொண்டு, தெளிவான தமிழில் சொன்னார்: "நான் பேசினால் அவன் கத்தியை மடித்துவிடுகிறான், என் வேலை முடிவதில்லை; ஆகவே நீ வெட்டு, அவன் கேட்கட்டும்."

மாற்றலாகிப் போகும் வரைக்கும் அந்தத் தலை என் கையில், முகம் அவன் பக்கம் என்றே போனதில் என் வயிறு இன்றைக்கும் எரிகிறது. அந்தோணி இங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறான், இதைச் சொன்னது யார் என்று மட்டும் அவன் காதில் போட்டுவிடாதீர்கள்.