மனமுவந்து போன என் அப்பா

குமுளிக்கு மேலே, என் அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்த தேயிலைக் கம்பெனி ஒரு காட்சியகம் திறந்தது. பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கு மரியாதை செய்யப்போவதாகச் சுருளிப்பட்டியில் எனக்கும் கார்டு வந்தது. கூட்டம் என்றாலே எனக்குக் கூச்சம். ஆனாலும் மகனோடு போனேன். அப்பா இருக்கும் படம் அங்கே இருக்கிறதாம். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

ஜப்பான்காரனோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட காலத்தில் பர்மா எல்லையில் ரோடு போடப் பட்டாளத்துக்கு ஆள் தேவைப்பட்டது. கம்பெனி தாராள மனசோடு எங்கள் ஆட்களைக் கொடுத்தது. கங்காணி பேர் வாசித்தால் லாரியில் ஏற வேண்டும். ஏறாதவர் வீட்டுக்கு ரேஷன் அரிசி கிடையாது. அரிசி கம்பெனி கையில் இருந்தது. அப்பா ஏறியபோது நான் அம்மா வயிற்றில். பிறகு அவர் வரவில்லை. அம்மா ஆபீசில் போய்க் கேட்டதற்கு, "உன் புருசன் அங்கயிருந்து ஓடிப்போயிட்டான்" என்று சொல்லி, கம்பெனி குடியிருக்கக் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். ஓடியவர் என்றைக்காவது வருவார் என்று அம்மா சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. சுமங்கலியாகவே போய்ச் சேர்ந்தாள். எல்லாம் கம்பெனி செய்த உபகாரம்.

காட்சியகம் பளபளவென்று இருந்தது. துரை வளர்த்த நாயின் கல்லறைக் கல்லைப் பேரோடு, செத்த தேதியோடு கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். பக்கத்தில் லாரி முன்னால் முப்பது பேர் நிற்கும் படம். பேர் ஒன்றும் இல்லை. 'நாட்டுக்காக மனமுவந்து சென்ற நம் தொழிலாளர்கள்' என்று மட்டும் எழுதி, சந்தன மாலை போட்டிருந்தார்கள். எது அப்பா என்று தெரியாததால் எல்லா முகத்தையும் பார்த்துவைத்தேன்.

பக்கத்தில் நின்ற ஆபீசரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"மாலை போட்டிருக்கீகளே தம்பி, இவுக செத்துப்போனாகன்னு கம்பெனிக்குத் தெரியுமா?"

"சும்மா மரியாதைக்குப் போட்டதும்மா."

"எங்கப்பா ஓடிப்போயிட்டாகன்னுல்ல எங்கம்மாகிட்டச் சொன்னீக."

"அது ரொம்பப் பழசும்மா. ரிக்கார்டு எதுவும் இல்ல."

"நாய்க்கு இருக்கே."

அவருக்கு அவசரமாகப் போன் வந்துவிட்டது. மகன் என் கையைப் பிடித்து இழுத்தான். "ஏம்மா, அவுக சோறு போடக் கூப்பிடுறாக. இப்பப் போயி இதக் கேக்குற."

சாப்பிட்டு வந்து பார்த்தால் மாலையைக் கழற்றியிருந்தார்கள். கீழே எழுதியிருந்தது அப்படியே இருந்தது. கம்பெனி மறுபடி அப்பாவை உயிரோடு ஓடவிட்டது.

பரவாயில்லை. அரை நாள் மாலை கிடந்ததே, அதையே நான் சாவுச் சேதியாக எடுத்துக்கொண்டேன். எண்பது வருசம் தாமதம். ஆபீசில் வேலை அதிகம் போல. வந்த அமாவாசைக்குச் சுருளி அருவியில் மகனை முழுகவைத்து, அப்பாவுக்கு முதல்முறையாக எள்ளும் தண்ணீரும் விட்டோம்.