பட்டருக்கு எதுகை கெட்டில்

வெண்ணெய்க்கும் சாக்கடைக்கும் என்ன உறவு என்று ஊரில் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இங்கிலீஷில் இரண்டும் பட்டர், கட்டர் என்று ஜோடி போட்டுக்கொண்டு திரிகின்றன! பிரிக்பீல்ட்ஸ் மிஷன் பள்ளிக்கூடத்து மிஸ்ஸியம்மா அப்படித்தான் சொன்னார். "பட்டருக்கு ரைம் சொல்லுங்க" என்று அவர் கேட்டபோது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "கெட்டில்" என்றிருந்தேன். ரைம் என்றால் எதுகை என்று அகராதியில் போட்டிருந்தது. இரண்டாம் எழுத்து ஒத்து வருகிறதே, வேறென்ன வேண்டும்? "நோ, நோ. கடைசி ஓசை ஒண்ணா வரணும். பட்டர், கட்டர்" என்றார், உடைந்த தமிழில். நல்ல வெண்ணெயைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் தள்ளுகிறாளே இந்த மகராசி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊரிலிருந்து இதைப் படிக்கும் அக்கா தங்கைமாரே, நாகப்பட்டினத்தில் நான் பாலர் வகுப்பு வாத்தியாரம்மா. தெருவில் போனால் பிள்ளைகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்ளும். கல்யாணமாகி இந்த மலாய் நாட்டுக்குக் கப்பலேறி வந்தபின் ரயில்வே குமாஸ்தாவின் சம்சாரம், அவ்வளவுதான். மிஷன் பள்ளிக்குச் சின்னப் பிள்ளைகளின் டீச்சர் வேண்டும் என்றதும் விழுந்தடித்து ஓடினேன். இங்கிலீஷ் பாட்டுச் சொல்லித்தரத் தெரிந்தால்தான் வேலை என்றார்கள். கெட்டில் சொன்ன அன்று, "வர்ற திங்கட்கிழமை இன்னொரு தரம் பார்ப்போம்" என்று மிஸ்ஸியம்மா அனுப்பிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை பாசார் சந்தையில் ஒரு மலாய்க்காரி "மங்கா, மங்கா" என்று கூவினாள். பார்த்தால், மாங்காய்!

"நம்ம சொல்லு இவளுக்கு எப்படிங்க தெரியும்?"

"இவளுக்கு மட்டுமா? வெள்ளைக்காரன் மேங்கோங்கிறானே, அதுவும் நம்ம மாங்காதான்" என்றார் வீட்டுக்காரர். "போர்த்துகீசியன் நம்ம கரையில வாங்கிட்டுப் போனான், அவன்கிட்ட இவன் வாங்கினான். கட்டுமரம், கறி, சுருட்டு எல்லாம் அப்படிப் போனதுதான்."

அட, இவையெல்லாம் எனக்கு முன்பே கப்பலேறியவையா! போன இடத்தில் வாயைத் திறக்கப் பயந்தனவா என்ன? வீடு திரும்பும் வழியெல்லாம் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

திங்கட்கிழமை பிள்ளைகள் முன்னால் நின்று அதைச் சொன்னேன்:

"மேங்கோ ஆன் த ட்ரீ,
பேங்கிள் ஃபார் மீ."

மரத்தில் மாங்காய், எனக்கொரு வளையல். அதற்குமேல் அர்த்தம் கிடையாது. ஆனால் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். மிஸ்ஸியம்மா ஒவ்வொரு வரியும் முடிகையில் மேசையைத் தட்டினார். "ட்ரீ, மீ! வெரி குட். நாளைக்கே வந்துடுங்க, டீச்சர்."

டீச்சர்! எத்தனை நாளாயிற்று அப்படிக் கேட்டு.

எங்கள் தமிழ்ப் பிள்ளைகளோ வரி தொடங்கும்போதெல்லாம் காலால் தரையை உதைத்தார்கள். மேங், பேங்! ஒரே பாட்டு, முன்னால் ஒரு தாளம், பின்னால் ஒரு தாளம். எதற்குக் கைதட்டுவதென்று தெரியவில்லை எனக்கு. கண் கலங்க, இரண்டுக்கும் தட்டினேன்.