எதிர் வீட்டு மிக்ஸி

உத்திரமேரூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் மின்சாரம் குறைவாக வருவதுதான் வழக்கம். கூடுதலாக வந்து பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதையும் பார்த்தோம்.

வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று தெருமுனையில் திரும்பும்போது கம்பியை இழுத்துவிட்டது. எங்களுக்கு அது தெரியாது. நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். டியூப்லைட் கல்யாண மண்டபத்தில் எரிவது போல எரிந்தது. எழுத்துகள் இன்றைக்கு நன்றாகத் தெரிகின்றனவே என்று நினைத்தேன். ஃபேன் சுற்றிய வேகத்தில் செய்தித்தாள் கையை விட்டுப் போயிற்று. டி.வி. டொப்பென்று அணைந்தது. ஃபிரிட்ஜ் ஒருமுறை உடம்பை உதறிவிட்டு அடங்கியது. சட்னி அரைத்துக்கொண்டிருந்த என் மனைவி, மிக்ஸி ஊளையிட்டுப் புகைவதைப் பார்த்துவிட்டுக் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"இன்னாத்த நோண்டினீங்க?"

நான் எதையும் தொடவில்லை என்றேன். மற்ற வீடுகளிலிருந்தும் இதே கேள்வி கேட்ட பிறகுதான் நம்பினாள்.

கம்பத்தில் ஏறிப் பார்த்த லைன்மேன், "நியூட்ரல் அறுந்துகினு கீது சார். எரநூத்தி முப்பது வோல்ட்டு வர்ற எடத்துல நானூறு வந்துகீது" என்றார். நானூறு என்று சொன்னபோது அவர் குரலில் சிறிது பெருமை இருந்தது.

எங்கள் வீட்டில் தப்பித்தது இஸ்திரிப் பெட்டி மட்டும். அந்த வாரம் முழுவதும் வியர்வையில் நனைந்தபடி, மடிப்பு எடுத்த சட்டையோடு கூட்டுறவு சங்கத்துக்கு வேலைக்குப் போனேன். ஃபிரிட்ஜில் ஒரு வாரத்துக்கான இட்லி மாவு இருந்தது. புளிப்பதற்குள் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று கிண்ணத்தோடு கிளம்பிய என் மனைவி, அதே எண்ணத்தோடு கிண்ணம் ஏந்தி வந்த எதிர்வீட்டு அக்காவைத் தெரு நடுவில் சந்தித்தாள். இருவரும் திரும்பிவிட்டார்கள். மூன்று நாள் மூன்று வேளையும் இட்லி சாப்பிட்டோம்.

அக்காவின் கணவர் பஜாரில் செருப்புக் கடை வைத்திருந்த பாய். இரண்டு வீட்டுச் சாமான்களையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நானும் அவரும் மெக்கானிக் கடைக்குப் போனோம். எங்கள் தெருவே அங்கே இருந்தது.

"எந்த வூடு சார்?" என்று மெக்கானிக் கேட்டார்.

"பாய் வீட்டுக்கு எதிர்வீடு" என்றேன். எங்கள் மிக்ஸியில் சாக்பீஸால் 'எதிர்வீடு' என்று எழுதினார்.

"உங்களுது?"

"சார் வூட்டுக்கு எதிர்வூடு" என்றார் பாய். மெக்கானிக் அதிலும் அதையே எழுதினார். அதில் தப்பிருப்பதாக எங்கள் மூவருக்குமே தோன்றவில்லை.

இரண்டு மிக்ஸியும் ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை. அக்காவும் என் மனைவியும் ஒன்றாகக் காஞ்சிபுரம் போய் ஒரே நாளில் வாங்கியவை.

முதலில் ஃபேன் வந்தது, பிறகு டி.வி. மெக்கானிக் வீட்டுக்கே வந்து ஃபிரிட்ஜையும் எழுப்பிவிட்டுப் போனார். பத்தாம் நாள் மிக்ஸி வந்தது. எங்கள் மிக்ஸியின் வேகத் திருகு இரண்டாம் எண்ணில் நிற்காது, தீக்குச்சி செருக வேண்டும். இது நின்றது. சத்தமும் குறைவு.

"நல்லா ரிப்பேர் பண்ணிகீறாரு" என்றேன்.

என் மனைவி அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். "இது நம்முளுது இல்லீங்க."

இருவரும் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தோம். பிறகு அவள் தேங்காய் உடைத்தாள்.

தினமும் சாயங்காலம் பேச வரும் அக்கா அன்றிலிருந்து வரவில்லை. தெரிந்துவிட்டது என்று முடிவு செய்தோம். என் மனைவி ஜன்னலைச் சாத்திக்கொண்டு அரைக்கத் தொடங்கினாள். சட்னி நன்றாக இருந்தது, எனக்குத்தான் இறங்கவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. மிக்ஸியைப் பையில் போட்டுக்கொண்டு இருவரும் எதிர்வீட்டுக்குப் போனோம்.

பையைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறியது.

"நானே வந்து சொல்லணும்னு இருந்தேன் சார். உங்க மிக்ஸி எங்க வூட்லதான் கீது."

"தெரியுங்க்கா. உங்களுது இதுல கீது" என்றாள் என் மனைவி. "கோவமா? அதான் வரலியா?"

"இன்னா கோவம்? திருப்பிக் கேட்டுடுவீங்களோன்னுதான் வரல. எங்களுதுல கறி அரைச்சா பாதியில நின்னுடும். உங்களுது நிக்காம அரைக்குது. ஒரு தீக்குச்சி செருவினா போதும்."

பாய் எங்களுக்கு டீ கொண்டுவரச் சொன்னார். டீ குடித்துவிட்டு, கொண்டுபோன பையை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பினோம்.

சாயங்காலம் அக்கா ஒரு தட்டு நிறையக் கறி அரைத்துச் செய்த கோலா உருண்டை கொண்டுவந்தார். அவர் போன பிறகு என் மனைவி ஒன்றைப் பிட்டு, விரல்களுக்கிடையில் நசுக்கிப் பார்த்தாள்.

"நம்ம மிக்ஸி இவ்ளோ நைஸா அரைக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள்.