பொத்தானை விட்டால்தான் குரல் வரும்

நீங்கள் பேசி முடித்து விரலை எடுத்தால்தான் எதிராளி வாய் திறக்க முடியும் என்றொரு கருவியை உங்கள் வீட்டில் வைத்தால், குடும்பம் எத்தனை நாள் தாங்கும், சொல்லுங்கள்? எனக்கு அதுதான் உத்தியோகம். பர்மாவில், போட்டாதாங் படகுத்துறையில் சரக்குப் படகு விடுகிற ஒரு சின்ன ஆபீசில், வயர்லெஸ் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். கடலுக்குள் போனால் போன் செத்துவிடும், செட்டு மட்டும்தான் பேசும். தமிழிலும் பர்மியிலும் சேதி சொல்ல ஆள் தேடினார்கள். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் உரக்க வாசித்தே வளர்ந்த தொண்டை எனக்கு, வேலை கிடைத்துவிட்டது. செட்டில் பேசி முடித்தால் 'ஓவர்' சொல்லிவிட்டுத்தான் விரலை எடுக்க வேண்டும்; என் நாலு வயது மகள் இப்போது வீட்டில், "அம்மா, பசிக்குது, ஓவர்" என்கிறாள். போனைப் பிடித்துக்கொண்டு "கேக்குதா, கேக்குதா" என்று கத்தி நொந்தவர்களே, என் பாடு உங்களுக்காவது புரியும்.

ஊரறிந்த வியாதி

செட்டில் ரகசியம் கிடையாது. எல்லாப் படகும் ஒரே வயர்லெஸ் அலையில்தான் கேட்டுக்கொண்டிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்து, செல்வி என்ற பெயர் பர்மிய மரியாதையில் 'மா செல்வி' ஆகியிருந்த புதுசு. ஒரு கேப்டனின் மனைவி வந்து, "கருவாடு சாப்பிட வேணாம், மூலம் திரும்ப வந்துடும்னு சொல்லிடுங்க" என்றார். நானும் பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல நிறுத்தி, தெளிவாக, இரண்டு தடவை சொன்னேன்.

வேறு ஏதோ படகிலிருந்து ஒரு குரல் வந்தது: "மா செல்வி, எங்க ஆளுக்கும் அதேதான். அந்தம்மா என்ன மருந்து குடுக்குதுன்னு கேட்டுச் சொல்லு, ஓவர்."

பன்னிரண்டு மணிச் சட்டி

எங்கள் படகு ஒன்றில் மணியம் என்று ஒரு சமையல்காரர். சொந்த ஊர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியின் என்ற ஊர். சோறு ஆனதும் ஆட்களைக் கூப்பிடமாட்டார், சட்டியைக் கரண்டியால் தட்டுவார். வேகமாக இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒன்று. கேப்டன் என்னோடு பேசிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துத் தட்டுவார். அந்தச் சத்தம் கடல் முழுக்கப் போகும்.

அடுத்த படகுக் கேப்டன் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னார்: "அந்தாளை நிறுத்தச் சொல்லு, மா செல்வி. எங்க படகுல இன்னும் உலையே வைக்கல."

எல்லோரும் வாயை மூடிய நேரம்

மழைக்காலம் முடிகிற சமயம், காலை பத்து மணி இருக்கும். வெங்காய விலை, மகன் கல்யாணம், இயந்திரக் கோளாறு என்று செட்டில் வழக்கமான சந்தைக்கடை. நடுவில் மணியம் இருக்கும் படகின் கேப்டன் குரல், அவசரமே இல்லாமல் வந்தது: "மணல் திட்டுல மோதிட்டோம். தண்ணி ஏறுது. பதினோரு பேர் இருக்கோம்." இடத்தைச் சொன்னார். அவ்வளவுதான்.

ஆபத்துக் குரல் வந்தால் மற்றவர்கள் அலையைக் காலியாக விட வேண்டும். சட்டம் தெரியும், அந்த அமைதியைக் கேட்டது அன்றைக்குத்தான். வெங்காயக்காரர், கல்யாணக்காரர், எல்லோரும் அதே நொடியில் அடங்கிவிட்டார்கள். செட்டின் வெறும் இரைச்சல் மட்டும். அதற்குப் பின்னால் முகம் தெரியாத அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. பிறகு ஒரே ஒரு படகு, "பக்கத்துல இருக்கோம், போறோம்" என்றது. மறுபடி அமைதி. என் நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. நான் பொத்தானைத் தொடவே இல்லை, இருந்தாலும் முதலாளி ஊ சான் கிசுகிசுத்தார்: "மெதுவா, செல்வி. அவங்களுக்குக் கேட்டுடப் போகுது."

முழுத் திட்டு

எங்கள் ஆபீசில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மீட்கப்பட்டவன் தன் பெயரைத் தானே செட்டில் சொல்ல வேண்டும். அதற்குமுன் 'பிழைத்தான்' என்று எழுதக் கூடாது. முன்பு ஒரு தடவை யாரோ சொன்ன பெயரை நம்பி, அதே பெயருள்ள வேறொருவன் வீட்டில் இனிப்புக் கொடுத்துவிட்டார்கள். அதோடு வந்த கட்டுப்பாடு.

மத்தியானத்துக்குள் ஆபீஸ் நிறைந்துவிட்டது. காப்பாற்றிய படகிலிருந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல, இங்கே ஒவ்வொரு குடும்பமாக அழுதது. ஓர் அம்மா என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, பொத்தானை அழுத்தியபடியே, "கடலுக்குப் போகாதேன்னு சொன்னேனே, கேட்டியா!" என்று ஆரம்பித்தார். அழுத்தினால் இங்கிருந்து போகும், அங்கிருந்து வராது. நான் அவர் விரலைப் பிரித்து எடுத்த பிறகுதான் மகனின் குரல் வந்தது: "திட்டு முழுசா வந்து சேந்துச்சும்மா. நான் தின் மோங்தான், ஓவர்."

பதினோராவது பெயர்

பத்துக் குரல் வந்தது. மணியம் வரவில்லை. அவர் மனைவி மலர், தையல் பாக்டரி ஏப்ரனோடு தன்லியினிலிருந்து பஸ் பிடித்து வந்தவள், சுவரோரம் நின்றுகொண்டே இருந்தாள்.

நாலு மணிக்கு ஒரு மீன்படகு கூப்பிட்டது. பலகையைப் பிடித்து மிதந்த ஒருவரை எடுத்திருக்கிறார்கள். முகம் வீங்கி, டீசலும் உப்புத்தண்ணியும் குடித்துக் குரலே இல்லை. அன்றைக்கே வேறொரு படகும் கவிழ்ந்து, அதில் அவுங் என்று ஒருவரையும் காணவில்லை. "மணியமான்னு கேட்டா தலையாட்டுறாரு, தங்கச்சி. அவுங்கான்னு கேட்டாலும் ஆட்டுறாரு" என்றார் மீன்படகுக்காரர்.

ஊ சான் பேனாவை மூடி வைத்தார். அப்போதுதான் மலர் வந்து மைக்கை வாங்கினாள். "அவர் கையில ஒரு சட்டியும் கரண்டியும் குடுங்க. வேற ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். சொல்லிவிட்டுப் பொத்தானை விடவில்லை. கட்டைவிரல் வெளுத்துவிட்டது. விட்டால் பதில் வந்துவிடுமே! நான் அவள் விரலைத் தொடவில்லை. அவளாகத்தான் எடுத்தாள்.

"கரண்டியா? சாப்பிடுற நெலமையில இல்லம்மா அவரு" என்றது செட்டு. பிறகு இரைச்சல். பிறகு, சன்னமாக, வேகமாக இரண்டு தட்டு. நின்றது. ஒன்று.

காலையிலிருந்து வாயை மூடியிருந்த கடலில் எங்கிருந்தோ, முன்பு சட்டித் தட்டலை நிறுத்தச் சொன்ன அந்த அடுத்த படகுக் கேப்டன் குரல் உடைந்து வந்தது: "மணியம்தான். எனக்குப் பசிக்குது, மா செல்வி."

ஊ சான் பேனாவைத் திறந்து, "அதுவும் குரல்தான், எழுது" என்றார்.

பேசத் தெரிந்ததற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள், ஆனால் விரலை எடுத்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் இதில் வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, மலர் என் முந்தானையை இழுத்தாள்: "அக்கா, இன்னொரு தடவ தட்டச் சொல்லுங்க."